தவழ்தல்

பதினெட்டுக் கிலோ.
முத்தியால்பேட்டை மாடிப்படியில்
அற்புதமும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து
மூன்று இடத்தில் இறக்கி வைத்தோம்.
மூன்றாவது இடம் சொல்தா வீட்டு வாசல்.
கதவு திறந்தது. பார்த்தார். மூடிக்கொண்டது.

எங்கே வைக்கணும் என்பது பெட்டிக்குத்தான் தெரியும்
என்றிருந்தான் மணிக்கூண்டுக் கடைக்காரன்.
நீங்க உட்கார்ற இடத்துல அதை உட்கார வைங்க,
அது நிற்கக்கூடிய இடத்துக்கெல்லாம்
நீங்க போய்ப் பாருங்க,
காது தரையோட.

ஆகவே சோபாவில் ஏறி அமர்ந்தது சப்வூஃபர்,
பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி.
நைட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு
நான் தவழ ஆரம்பித்தேன்,
நாற்பத்தோரு வயதில்.

ஒரே தவில். ஒரே பத்து நொடி. திரும்பத் திரும்ப.
தொப்பியில் குச்சி விழும் அந்த ஒற்றை அடி
டிவி மேசையருகே ஈரத்துணி,
ஜன்னலடியில் பானைக்குள் இருமல்.
பீரோ மூலையில் மட்டும் அளவுக்கு மிஞ்சி,
சாவிக்கொத்தும் கூடச் சேர்ந்து ஆடியது.
செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒட்டடையில் மூக்கு உரசக் கிடந்தபோது
அடி, அடியாக இருந்தது.
தொடங்கியது. முடிந்தது. வேறொன்றும் செய்யவில்லை.

செருப்புகள் வெளியேறின.

முதுகில் மூன்று குமிழ்கள்.
செய்தி வாசிப்பவரின் தொண்டை
பெட்டிக்குள்ளிருந்து கேட்டால் முதலாவதை இறக்கு.
இரண்டாவதற்கு ஒரே விதி:
இருப்பது தெரியக்கூடாது,
அணைத்தால் தெரியவேண்டும்.
மூன்றாவதைக் கடைக்காரனும் சரியாகச் சொல்லவில்லை.
முன்னாலிருக்கும் ஸ்பீக்கர் தள்ளும்போது இதுவும் தள்ளணுமாம்.
ஒன்று தள்ள ஒன்று இழுத்தால்
இரண்டும் உழைக்கும், ஒன்றும் மிஞ்சாது.

அற்புதம் திருப்பினான்.
நான் சோபாவில், கண்ணை மூடிக்கொண்டு.
இப்போ?
கொஞ்சம்.
இப்போ?
போச்சு.
இப்போ?
கரண்ட் பில்லைத் தவிர வேறெதைப் பற்றியும்
சமீபத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை.

குக்கரை அணைக்க எழுந்து போனேன்.
சமையலறை வாசப்படியில் கால் வைத்ததும்
தவில் முழுசாக வந்து வயிற்றில் நின்றது.
சோபாவில் கேட்டது அதில் பாதி.
திரும்பி உட்கார்ந்தேன்: பாதி.
எழுந்து போனேன்: முழுசு.

தினம் அவன் காப்பியோடு நிற்கும் இடம் அது.
உட்காரேன், உட்காரேன் என்று
நான் சொல்லிச் சொல்லி விட்டுவிட்ட இடம்.
ஏன் எப்பவும் இங்கேயே நிக்கிற என்று கேட்டேன்.
இங்கதான் நல்லா கேக்குது என்றான்,
குமிழிலிருந்து கையை எடுக்காமல்.

பத்தரைக்குக் கதவு தட்டப்பட்டது.
சொல்தா. கீழ்வீட்டு முசே சவரிநாதன்.
பனியன், மடித்துக் கட்டிய லுங்கி,
ஜிபூத்தியில் பீரங்கிக்குத் தின்னக் கொடுத்த காதுகள்.
மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:
"ஏழு மணிக்கு ஒண்ணு வச்சீங்களே, அதான் சரி.
இப்ப இருக்கறது கொழகொழன்னு இருக்கு."

மேல்சத்தமெல்லாம் போய்விட்டதாம் அவருக்கு.
காலிங்பெல், குயில், மருமகள்.
அடிச்சத்தம் மட்டும் மிச்சம்,
அதுவும் கட்டில் கால் வழியாக.

ஏழு மணிக்குக் குமிழ் எங்கே இருந்தது?
நாங்கள் குறித்து வைக்கவில்லை.

அவர் கீழே போய்க் கைத்தடியால்
கூரையைத் தட்டுவதென்று ஏற்பாடு.
ஒரு தட்டு என்றால் கூட்டு.
இரண்டு என்றால் குறை.
அற்புதம் மண்டியிட்டிருக்கிறான், டார்ச்சை வாயில் கவ்வி.
நான் வாசப்படிக்கும் சோபாவுக்கும் நடுவில்
எங்கேயோ நிற்கிறேன்.

ஒன்று.

ஒன்று.

இரண்டு.

பிறகு வெகுநேரம் எதுவுமில்லை.
அதற்கு என்ன அர்த்தமென்று
பேசி வைக்கவில்லை நாங்கள்.